அக்கா உதடு குத்திக்கொண்டாள்

என் அக்கா உதடு குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த சனிக்கிழமை மாலை, நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்தாள், செருப்பைக் கழற்றினாள், பையைக் கொக்கியில் மாட்டினாள், முழங்கைவரை கை கழுவினாள். எல்லாம் வழக்கம்போல. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே, நட்டநடுவில், மிளகு அளவுக்கு ஒரு வெள்ளி நிறக் குண்டு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைத் துடைத்ததும் நான்தான்.

“என்னக்கா இது?”

“உதடு குத்திக்கிட்டேன்.”

“அது தெரியுது. எதுக்கு?”

“சும்மாதான்.”

நாற்பத்தொன்பது வயதில் சும்மா முட்டி வலிக்கும், சும்மா முடி கொட்டும். சும்மா யாராவது உதடு குத்திக்கொள்வார்களா? சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து என் மகள் வந்தாள். பதினேழு வயது. போன வருடம் புருவத்தில் ஒரு வளையம் மாட்டிக்கொள்கிறேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றபோது, சீழ், காய்ச்சல், ரத்தத்தில் விஷம் என்று ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தி அவளை அடக்கியது சாட்சாத் இந்தப் பெரியம்மாதான். மகள் கிட்டே போய்ப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள், “பெரியம்மா, செமயா இருக்கு” என்றாள். இனிமேல் இவளிடம் நான் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது?

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக்குப் பயன்படும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கி, பொட்டலம் கட்டி அனுப்பும் பிரிவில் அவளுக்கு வேலை. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். பேக்கிங் அறையில் நடுமேசை அவளுடையது. வயிற்று அறுவை செட் என்றால் நாற்பத்தாறு உருப்படி, எலும்பு செட் என்றால் எழுபத்தொன்று. கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவாள். கல்யாணம் என்ற ஒன்று இரண்டு வருடம் நடந்து முடிந்துபோனது. அதை அவள் பேசுவதில்லை, நானும் கிளறுவதில்லை. அப்போதிலிருந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள்.

நல்லவள்தான். ஆனால் எதையும் சும்மா விடமாட்டாள். நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவுவாள். ஃபிரிட்ஜில் இருக்கிற டப்பா ஒவ்வொன்றிலும் தேதி, நேரம் எழுதி ஒட்டியிருப்பாள். என் வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷை இவள் தேதி பார்த்து மாற்றிவிடுவாள். அந்த மனுஷன் பதினாறு வருடமாகத் தன் பிரஷ்ஷைத் தானே வாங்கியதில்லை. இப்படிப்பட்டவள் உடம்பில் வேண்டுமென்றே ஒரு ஓட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வேலையில் நுழைந்தால் தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், எட்டு மணி நேரம் கழற்றக் கூடாது. கண்ணைத் தவிர ஒன்றும் வெளியே தெரியாது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். கடை கண்ணி, சினிமா என்று எங்கேயும் போகிறவள் இல்லை.

“மூஞ்சியில எத்தனையோ இடம் இருக்கு. மூடி வைக்கிற இடமாப் பார்த்துக் குத்தியிருக்கியே. யாருக்குக் காட்டப் போற?” என்று கேட்டேன்.

“யாருக்கும் காட்டல. உப்பு எங்க இருக்கு?”

குத்திவிட்ட பெண் ஒரு தாளில் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்திருந்தாள். அதை அக்கா குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினாள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு டம்ளருக்கு உப்பு கால் டீஸ்பூன், அதற்கு மேல் கூடாது. காலையும் மாலையும் சுத்தமான துணியை அதில் நனைத்து வெளிப்பக்கம் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். காரம் இல்லை, சூடு இல்லை, சிகரெட் இல்லை, முத்தம் இல்லை. கடைசி இரண்டும் எங்கள் வீட்டில் கஷ்டமாக இருக்காது என்று அக்காவே சொன்னாள். கையால் தொடக் கூடாது, துளைக்குள் போகிற தண்டைத் திருகக் கூடாது. வீங்குவதற்கு இடம் விட்டு முதலில் நீளத் தண்டுதான் போடுவார்கள், வீக்கம் வடிந்து ஐந்தாவது வாரம் போனால் குட்டையான தண்டு மாற்றிவிடுவாள். அதுவரை உள்பக்கத் தட்டு பல்லில் இடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருக்கிற குண்டு மரை போட்டது; சுத்தமாகக் கை கழுவி அது இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் தினம் ஒரு தடவை பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. புதுத் துளை, கழற்றினால் சில மணி நேரத்தில் தூர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் உதடு நன்றாக வீங்கித் தொங்கியது. அக்கா ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, ஆறிப்போன சூப்பை ஸ்பூனில் குடித்துக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் இருந்தாள். முனகியிருந்தால் நான் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். இரண்டு வாரம் லீவு எடுத்திருந்தாள். சேர்ந்தாற்போல் இரண்டு நாள்கூட லீவு போடாதவள். அவள் போட்ட கணக்கு என்னவென்றால், கத்தி வைத்துக் கிழித்த வயிறே பத்து நாளில் ஆறித் தையல் பிரிக்கிறார்கள், இந்த ஊசித் துளை எம்மாத்திரம்? இரண்டு வாரத்தில் ஆறிவிடும், அப்புறம் வேலைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு, வந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.

கழற்றித்தான் ஆக வேண்டும். பேக்கிங் அறைக்குள் எந்த நகையும் கூடாது என்பது சட்டம். மோதிரம், வளையல், தோடு, மூக்குத்தி, ஒன்றும் கூடாது. கருவிகளுக்கு நடுவே ஒரு திருகாணி விழுந்து, அது ஒருவர் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? கதவில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்குகிற அந்தச் சட்டத்தைப் பதினான்கு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியவள் வேறு யாருமில்லை, என் அக்காவேதான்.

கணக்கு சரியாக வந்திருக்கலாம், அவள் அவளாக இல்லாமல் இருந்திருந்தால். தாளில் தினம் இரண்டு தடவை என்று போட்டிருந்தது. இவளுக்கு இரண்டு தடவை என்பது சுத்தத்தில் சேர்த்தியே இல்லை. ஐந்தாம் நாள் மருந்துக் கடையில் ஒரு பழுப்பு நிறக் கிருமிநாசினி வாங்கி வந்தாள். இரண்டரை மணிக்கு ஒரு தடவை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒரு இடுக்கியை எப்படிக் கழுவுவாளோ அப்படியே: ஊறவை, தேய், அலசு, துடை, விளக்கில் காட்டிப் பார். இடுக்கியின் மூட்டை விரித்து உள்ளே தேய்ப்பதுபோலத் தண்டை முன்னும் பின்னும் இழுத்து, திருகி, மருந்தைத் துளைக்குள் இறக்கினாள். தொடக் கூடாது என்றுதானே தாள் சொன்னது என்று கேட்டால், “அது கை கழுவத் தெரியாதவங்களுக்குச் சொன்னது” என்றாள்.

ஒன்பதாம் நாள் குண்டைச் சுற்றித் தோல் வெள்ளையாக உரிந்தது. பத்தாம் நாள் பக்கத்திலேயே சிவப்பாக ஒரு சின்ன மேடு எழும்பியது. அக்கா முகத்தில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன். திட்டுவதற்கு வாயெடுத்தவள், திட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனேன்.

குத்துகிற பெண்ணின் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்று, ஒரு வட்ட விளக்கு, சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தண்டும் குண்டும் வளையமும். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், முகத்தில் ஏழு இடத்தில் உலோகம். கையுறை போட்டுக்கொண்டு உதட்டை மெல்லக் கீழே இழுத்துப் பார்த்தாள். பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள்.

“ஆன்ட்டி, என்ன ஊத்துனீங்க இதுல?”

அக்கா மருந்தின் பெயரையும் எத்தனை சதவீதம் என்பதையும் சொன்னாள். எத்தனை தடவை என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“அது தரை துடைக்கிறதுக்குத்தான் லாயக்கு. புண்ணு தானா ஆறும் ஆன்ட்டி. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நீங்க ஒண்ணும் பண்ணாம இருக்கீங்களே, அதுதான் வைத்தியம்.”

“கிருமி?”

“உங்க வாயில கிருமி இல்லாம இருக்குமா? அது என்ன ஆபரேஷன் கத்தியா? உசுரோட இருக்கிற தோல். புதுத் தோல் வளர வளர நீங்களே தேய்ச்சு எடுத்துட்டிருக்கீங்க. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்குது.”

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. நான் சொல்ல நினைத்த அத்தனையும் கையுறை போட்டுக்கொண்டு சொல்கிறாளே. ஆனால் அடுத்து அக்கா கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில்தான் எங்கள் தலையில் இடியாக இறங்கியது.

“திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். எட்டு மணி நேரம் கழட்டி வைக்கலாமா?”

“மூணு மாசத்துக்கு எட்டு நிமிஷம்கூடக் கழட்டக் கூடாது. கழட்டுனா மூடிக்கும். இந்த நிலைமையில மூடுச்சுன்னா தழும்பாயிடும், அதே இடத்துல மறுபடி குத்த முடியாது. நான் குத்த மாட்டேன்.”

திரும்பி வரும்போது அக்கா பேருந்து ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து அந்தப் பழுப்பு மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். உப்புத் தண்ணீர் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. நடுவில் கை துறுதுறுக்கும்போதெல்லாம் என் அலமாரியை இறக்கி மடித்து அடுக்கினாள். மூன்று நாளில் வீட்டில் மடிக்காத துணி ஒன்றுகூட இல்லை. உரிந்த தோல் அடங்கியது, மேடு பாதியாகக் குறைந்தது. துளை மட்டும் அந்த மூன்று மாதத்தைத் தொடங்கியேயிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேச்சு வந்தது. என் யோசனை ரொம்ப எளிமையானது. மாஸ்க்குக்குள்ளே இருக்கப் போகிறது, ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது, பேசாமல் போய் வேலையைப் பார்.

“எனக்குத் தெரியுமே” என்றாள்.

“உனக்குத் தெரிஞ்சா என்ன?”

“குண்டு மரையில நிக்குதுடி. கழண்டு மாஸ்க்குக்குள்ள விழுந்து, அங்கேருந்து ட்ரேயில விழுந்தா?”

“அப்போ கழட்டிப் போடு. தொலையட்டும். ஒரு குண்டுக்காக இத்தனை கூத்தா?”

அவள் கையை உதட்டுப் பக்கம் கொண்டுபோய், தொடாமல், அந்தரத்தில் நிறுத்திக் கீழே போட்டாள். “எனக்கு இது வேணும்” என்றாள். வேண்டும் என்று அவள் ஒரு பொருளைச் சொல்லி நான் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. ஒரு மனுஷிக்கு வேண்டும் என்று தோன்றுகிற ஒரே பொருள் சட்டத்தில் கூடாது என்று போட்டிருக்கிற பொருளாக இருந்தால், அதுவும் அந்தச் சட்டத்தை எழுதியது அவளாகவே இருந்தால், கூட இருக்கிறவர்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் அவள் நேராக மேற்பார்வையாளர் அம்மாவின் அறைக்குப் போய், மாஸ்க்கைக் கழற்றிக் காட்டினாள். நடந்ததை அன்று மாலை என்னிடம் வரி விடாமல் சொன்னாள்.

“இதை ஏங்க எங்கிட்ட வந்து சொன்னீங்க?” என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாராம். “நானா வந்து உங்க மாஸ்க்கைத் தூக்கிப் பார்க்கப் போறேன்? இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சே. நான் என்ன பண்றது?”

“சட்டப்படி பண்ணுங்க மேடம்.”

“சட்டப்படின்னா கழட்டுங்க.”

“கழட்ட முடியாது மேடம்.”

அந்த அம்மா பாவம், அரை மணி நேரம் கெஞ்சியிருக்கிறார். ஒன்று, கழற்றிவிட்டு நடுமேசைக்குப் போகலாம். இல்லையென்றால் மூன்று மாதம் வெளியே ஜன்னலில் உட்கார்ந்து, கட்டிய செட்டுகளை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இடம் சுத்தப் பகுதிக்கு வெளியே இருக்கிறது, அங்கே இந்தச் சட்டம் கிடையாது. புதிதாக வருகிறவர்களைப் போடுகிற வேலை அது. மூன்று மாதம் நடுமேசையைக் காலியாக விட முடியாது என்பதால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பிக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா ஜன்னலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இதைக் கேட்டு நான் கத்தினேன். இருபத்திரண்டு வருட வேலையை ஒரு மிளகு சைஸ் உலோகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்று கத்தினேன். அக்கா துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தி முடிப்பதற்கும் ஐந்து நிமிடம் ஆவதற்கும் சரியாக இருந்தது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்றால், சாப்பாடு, துணி, கரண்டுக் கட்டணம் தவிர வேறு எதையும் பேசவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் வேலையில் இருக்கும்போது போன் வந்தது. நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் சரிசெய்கிறேன், எள்ளளவு திருகாணிகளோடுதான் என் பிழைப்பு. “குண்டு ஆடுது. முகம் பார்க்குற கண்ணாடி இல்லாம மரை பிடிபட மாட்டேங்குது, கையுறை வழுக்குது. வர முடியுமா?” என்றாள். வரமாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம், ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். போய்த் தொலைத்தேன்.

ஜன்னல் அறை ஒரு பெட்டி அளவுக்கு இருந்தது. மூன்று பக்கமும் அலமாரி, நீலத் துணியில் கட்டிய பொட்டலங்கள் கூரைவரை. முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பொட்டலம் தள்ளுகிற இடைவெளி. அக்கா மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். என்னை மூன்று தடவை கை கழுவ வைத்தாள், மூன்றாம் தடவை நகத்துக்குள்ளே பார்த்தாள். அப்புறம் உதட்டை நீட்டினாள். நான் உள்ளிருந்து தட்டை ஒரு விரலால் தாங்கி, வெளியே குண்டைக் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று திருகினேன். மரை பிடித்தது. தோல் சுத்தமாக இருந்தது, மேட்டைக் காணோம். அத்தனை கிட்டத்தில் அவள் முகத்தை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். மாஸ்க்கின் நாடா அழுத்தி அழுத்திக் கன்னத்தில் இரண்டு பக்கமும் ஒரு கோடு நிரந்தரமாக விழுந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தியேட்டர் நர்ஸ் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கையில் சீட்டு. அக்கா எழுந்துபோய் இரண்டு பொட்டலங்களை எடுத்து இடைவெளியில் தள்ளினாள். நர்ஸ் பொட்டலத்தில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கட்டியவரின் எண் அதில் இருக்கும், பெயர் இருக்காது.

“நீங்க இங்க புதுசா?” என்று கேட்டார்.

“இங்க நாலு நாளாச்சு.”

“உள்ள பதினாலாம் நம்பர்னு ஒருத்தர் கட்டுவாரே, அவர் லீவா? ரெண்டு மூணு வாரமா அவர் கட்டுனது ஒண்ணுகூட வரல. நல்ல மனுஷன். பதினஞ்சு வருஷமா அவர் செட்டைப் பிரிக்கிறேன், ஒரு இடுக்கி முன்ன பின்ன இருந்ததில்ல. டாக்டருங்களே பதினாலு இருக்கான்னு கேட்பாங்க. ரிட்டையர் ஆயிட்டாரா?”

அந்த நர்ஸ் மேல், அந்த ஆஸ்பத்திரி மேல், எதற்கு எதற்கு என்று மூன்று வாரமாகக் குடைந்துகொண்டிருந்த என் மேல், எல்லார் மேலும் எனக்குக் கோபமாக வந்தது.

“நான்தாங்க பதினாலு” என்றாள் அக்கா.

நர்ஸ் குனிந்து கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி, கண், மூக்கு, உதடு, குண்டு, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். “நீங்களா?” என்றார். “ஆம்பளைன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்கள நான் பார்த்ததே இல்லையே.”

“தினமும் பார்க்குறீங்க. லிஃப்ட்ல ஒண்ணாத்தான் வருவோம். மாஸ்க் போட்டிருப்பேன்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிறுவயதில் சிரிப்பாளே, அப்படி வாயைத் திறந்து, உதடு முழுக்க விரிய. ஆறாத துளை இழுபட்டு, குண்டின் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

“சிரிக்காதக்கா, புண்ணு விரியுது” என்றேன். அவள் கேட்கவில்லை.